திரைப்பாட்டிலிருந்து பண்ணிசைக்கு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலை ஒட்டித் தொடரும் ஊர்களில் இரண்டு குரல்கள் நெடுங்காலமாகப் பழக்கமானவை. ஒன்று, நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் வெண்கலக் குரல். மற்றொன்று, தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் ஒலிக்கும் இளையராஜாவின் இசை. அவ்விசையில் மனத்தைப் பறிகொடுக்கும் இளைஞர் பலர், "கர்நாடக சங்கீதம் நமக்கு விளங்காது, அது வேறு யாருக்கோ உரியது" என்று சொல்லி அதனை விட்டு விலகிவிடுவதும் உண்டு. அந்த எண்ணம் சரியானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இளையராஜா 1943ஆம் ஆண்டு பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். தமையன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடியவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' அவரைத் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டிலேயே, 'கவிக்குயில்' படத்துக்காக ரீதிகௌளை இராகத்தில் ஒரு பாட்டை அமைத்து, அதனைச் சங்கீத மேதை பாலமுரளிகிருஷ்ணாவைக் கொண்டு பாடுவித்தார். அப்பாட்டை விரும்பிக் கேட்டவர் அனைவரும், பெயர் அறியாமலே ரீதிகௌளையைக் கேட்டவர்களாவர். பெயர் தெரியவில்லை என்பதனால் இன்பம் குறைந்துவிடவில்லை. ஆயினும், பெயரும் இலக்கணமும் தெரிந்துவிட்டால் அந்த ஒரு பாட்டின் வழியாக நூறு பாட்டுகளுக்குச் செல்லலாம்.

இதற்குத் தக்க சான்று 1985இல் வெளிவந்த 'சிந்து பைரவி'. தமிழ்ப் பாட்டுப் பாட இயலுமா என்று கச்சேரியிலே வித்துவானைக் கேட்கிறாள் ஒரு பெண். நீயே பாடிக் காட்டு என்ற சவால் அவளுக்கே திரும்பி வருகிறது. அவள் 'பாடறியேன்' என்று தொடங்கும் நாட்டுப்பாடலைப் பாடுகிறாள். அது மெல்ல மெல்ல வளர்ந்து தியாகராஜரின் 'மரி மரி நின்னே' என்னும் கீர்த்தனையிலே போய்க் கலக்கிறது. கேட்போருக்கு எங்கே நாட்டுப்பாடல் முடிந்தது, எங்கே கீர்த்தனை தொடங்கிற்று என்று பிரித்தறிய முடிவதில்லை. அப்பாடலைப் பாடிய சித்ராவுக்கும், படத்துக்கு இசையமைத்த இளையராஜாவுக்கும் இந்திய தேசிய விருதுகள் கிடைத்தன.

அக்கீர்த்தனை காம்போதி இராகத்தில் பாடப்படுவது. இளையராஜாவோ அதனைச் சாரமதி இராகத்தில் அமைத்தார். இந்த மாற்றத்தின் நுட்பத்தை அறிய வித்துவானைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தால் போதும்.

கறுப்புக் கட்டைகளைத் தொடாமல், வெள்ளைக் கட்டைகளை மாத்திரம் வாசிக்க வேண்டும். ஐந்தாம் கட்டையைச் சட்சமாகக் கொண்டு ஏழு சுரங்களையும் வரிசையாக வாசித்தால் அரிகாம்போதி பிறக்கும். அதுவே காம்போதியின் தாய் இராகம். அதே வெள்ளைக் கட்டைகளை ஆறாம் கட்டையிலிருந்து தொடங்கி வாசித்தால் நடபைரவி பிறக்கும்; அது சாரமதியின் தாய். சாரமதி ஏறும்போது இவ்வேழு சுரங்களும் வரும். இறங்கும்போது பஞ்சமமும் ரிடபமும் விலகி, ச நி த ம க ச என்று வரும். கட்டைகள் மாறவில்லை, தொடங்கும் இடம் மாத்திரமே மாறிற்று. ஆனால் ஒன்றிலே பெருமிதமும், மற்றொன்றிலே உருக்கமும் தோன்றக் காண்கிறோம்.

இவ்வாறு ஒரே சுர வரிசையில் தொடக்கத்தை மாற்றி வேறு பண் காணும் முறையைப் பண்டைத் தமிழர் பாலைத் திரிபு என்றனர். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்றும், படுமலைப்பாலை நடபைரவி என்றும் இசையறிஞர் பலர் கொள்வர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் பொதிந்து கிடந்த இவ்விசை நுட்பங்களைக் கணிதமுறையாக ஆராய்ந்து விளக்கிய பெருநூல் 'யாழ் நூல்'. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலே அது அரங்கேறியது.

அந்நூலை இயற்றியவர் யார்? 1892இல் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர். சாய்ந்தமருதின் தெற்கெல்லையைத் தாண்டினால் காரைதீவு. இளமையில் கல்முனையிலே கல்வி கற்றவர். பின்னாளில், 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். பண்ணைப்புரத்துக் கலைஞரின் பாட்டைப் பின்தொடர்ந்து சென்ற கல்முனை இளைஞன், கடல் கடந்து எங்கெங்கோ அலைந்து, ஈற்றில் தன் அயலூரின் வாசலிலே வந்து நிற்கிறான்!

இந்த இசை ஒரு சமயத்தாருக்கே உரியது என்று சொல்வாரும் உளர். இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது அவரவர் ஆய்ந்து தெளிய வேண்டியது. ஆனால், பிறப்பினால் ஒருவருக்கு இக்கலை அந்நியமாகிவிடும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. திருவரங்கத்தில் வாழ்ந்து நாதசுரத்தில் பெரும்புகழ் எய்திய ஷேக் சின்ன மௌலானா, 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். முறையான பயிற்சியும் உழைப்பும் அவரை அவ்வுயரத்துக்கு ஏற்றின.

விரும்பிய கலைஞர் காட்டும் வழி ஒரு திசையோடு முடிவதில்லை. 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் செருமானிய மேதை பாக் அவர்களுக்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார். அதனைக் கேட்டுப் பாக் என்னும் பெயரை முதன்முதலாக அறிந்தவர் பலர்.

ஆகவே, பிள்ளைகள் திரைப்பாட்டு முணுமுணுத்தால் பெற்றோரும் ஆசிரியரும் அதனை இகழ்ந்து தடுக்க வேண்டாம். இது என்ன இராகம், இதே இராகத்தில் வேறு என்ன பாட்டு உண்டு என்று கேட்கத் தூண்டினால் போதும். வாயிலில் நிற்கும் பிள்ளையை, "இது உன் வீடு அல்ல" என்று திருப்பி அனுப்பாதிருப்பதே பெரியோர் செய்யத்தக்க முதல் உதவி. உள்ளே செல்லும் வழியை அவன் செவியே அவனுக்குக் காட்டிவிடும்.