காதைக் கிழிக்கும் சைலன்சர்: ‘பவர்’ ஏறுதா, சத்தம் மட்டுந்தானா?

சென்னை,

ராத்திரி 11 மணி. தெரு அடங்கிவிட்டது. தொட்டிலில் பிள்ளை அப்போதுதான் கண் அசந்திருக்கும். திடீரென்று தெருமுனையில் "டப்... டப்... டமார்!" என்று சத்தம். பதறி எழுந்து எட்டிப் பார்த்தால், வாலிபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருப்பார். பிள்ளை வீறிட்டு அழும். பக்கத்து வீட்டுப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

நகரில் பல தெருக்களில் நடக்கும் கூத்து இது. கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, கடை சைலன்சரை மாட்டுவதுதான் காரணம்!

தினுசு தினுசாக...

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் வண்டி சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புல்லட்டுக்கு மட்டும் ‘ஷார்ட் பாட்டில்’, ‘லாங் பாட்டில்’, ‘இந்தோரி’, ‘பஞ்சாபி’ என்று சைலன்சருக்கு எத்தனையோ பெயர். கூடவே, காற்று இழுக்க ‘கோன் பில்டர்’. மாட்டினால் வண்டி சும்மா பறக்கும் என்பது வாலிபர்களின் நம்பிக்கை.

நிஜமாகவே பறக்குமா?

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பில்டரையும் சைலன்சரையும் திறந்துவிட்டால் காற்று கூடுதலாகப் போகும். சரி, அதற்கேற்ற பெட்ரோல்? கார்புரேட்டர் வண்டி என்றால் ஜெட்டை மாற்ற வேண்டும். புது வண்டி என்றால் கம்ப்யூட்டர் கணக்கையே திருத்த வேண்டும். ரேஸ் வண்டிகளில் இதெல்லாம் சேர்த்துத்தான் செய்வார்கள். தெருவில் ஓடுகிற வண்டியிலோ பெரும்பாலும் குழாயை மட்டும் மாற்றுவதோடு சரி. விளைவு? கலவையில் பெட்ரோல் குறைந்து என்ஜின் சூடேறும்.

திறந்த கோன் பில்டரோ, என்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே இழுக்கும். சூடான காற்றில் சரக்கு குறைவு. ஏற வேண்டிய பவர் இறங்கிப்போகும்!

எங்கிருந்து வந்தது?

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆர்.எக்ஸ். 100 மாதிரி 2 ஸ்ட்ரோக் வண்டியில், வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை சைலன்சர் குழாய்தான் அலையடித்துத் திரும்ப உள்ளே தள்ளும். அதில் குழாயை மாற்றினால் வேகமும் மாறும். அந்த வண்டி 1996-லேயே நின்றுபோச்சு. நம்பிக்கை மட்டும் நிற்கவில்லை! இப்போதைய 4 ஸ்ட்ரோக் என்ஜினில் அந்த வேலையை வால்வு பார்த்துக்கொள்கிறது.

20 குதிரை சக்தி என்ஜினில் நூற்றுக்கு 5 கூடினாலும் கிடைப்பது ஒரே ஒரு குதிரை. அதற்குத்தான் ஊரே எழுந்திருக்கிறது!

‘டமார்’ சத்தம் என்ன தெரியுமா? எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் வெடிப்பது. வெடிப்பது உங்கள் காசு!

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாராகும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் 10 டெசிபல் ஏறினாலே சத்தத்தின் சக்தி 10 மடங்கு. புது வண்டிகளில் விஷப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் குழாயோடுதான் இருக்கிறது. குழாயைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போச்சு.

சட்டம் சும்மா இல்லை

கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே வருடம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் என்றது. சத்தம், புகை விதியை மீறினால் முதல் தடவையே ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் லைசென்சு ரத்து. சில ஊர்களில் பிடுங்கிய சைலன்சர்களைத் தரையில் அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றியே நசுக்கிவிட்டார்கள்!

தம்பிமார்களே, வண்டி நன்றாக ஓட வேண்டுமா? ஏர் பில்டரைச் சுத்தமாக வையுங்கள். செயினுக்கு ஆயில் விடுங்கள். டயரில் காற்றைப் பாருங்கள். வண்டியும் ஓடும், காசும் மிச்சம்.

தொட்டிலில் பிள்ளையும் தூங்கும்!