தொப்புளில் கட்டி! துப்பு கொடுத்த கன்னியாஸ்திரி

வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயைக் காட்டிக் கொடுக்கும் "துப்பு" ஒன்று உண்டு. அது, தொப்புளில் வரும் ஒரு சின்னக் கட்டி!

இதை டாக்டருக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு கன்னியாஸ்திரி. பெயர் மேரி ஜோசப்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டர் நகரில் உள்ள செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் இவர் வேலை பார்த்தார். பிரபல சர்ஜன் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் வலது கை இவர்தான்.

ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியின் வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்வார். சிலருக்குத் தொப்புளில் கல் மாதிரி கட்டி தட்டுப்பட்டது. வயிற்றைத் திறந்தால்... உள்ளே புற்றுநோய் பரவிக் கிடந்தது!

இதுபற்றி மேயோ 1928-ல் எழுதினார். மேரி ஜோசப் 1939-ல் காலமானார். 1949-ல் இங்கிலாந்து சர்ஜன் ஹாமில்டன் பெய்லி அந்தக் கட்டிக்கு இவர் பெயரையே சூட்டினார். "சிஸ்டர் மேரி ஜோசப் கட்டி" என்றுதான் டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வலிக்காது... அதுதான் ஆபத்து

தோலுக்குப் பரவும் புற்றுநோய் தொப்புளில் மட்டும் வருவதில்லை. மார்பு, வயிறு, தலை என்று பல இடங்களில் தலைகாட்டும். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயில் இருந்து பரவுவதுதான் அதிகம். ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஒரு முக்கிய காரணம்.

தொட்டால் கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது. "சூட்டுக் கொப்பளம்தானே" என்று விட்டுவிடுவார்கள். சிலருக்குப் படை மாதிரி சிவந்து பரவும். களிம்பு தடவியே மாதங்கள் ஓடிவிடும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதுக் கட்டி வந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். இதுதான் "பயாப்சி". நோய் எந்த உறுப்பில் இருந்து கிளம்பியது என்பதையும் பெரும்பாலும் இதில் கண்டுபிடித்துவிடலாம். பிறகு ஸ்கேன்.

நாற்றத்துக்கும் மருந்து உண்டு

தோலுக்கு வந்துவிட்டால் நோய் முற்றிய நிலை என்றே பெரும்பாலும் அர்த்தம். கட்டியை மட்டும் வெட்டி எறிந்தால் தீராது. நோயின் வேருக்கு ஏற்ப ஊசி மருந்து, மாத்திரை தருவார்கள். ரத்தம் கசிந்தால் "கரண்டு" வைப்பார்கள்.

கட்டி உடைந்து புண்ணானால் நாற்றம் வீசும். இதற்கு வெட்கப்பட்டே பல நோயாளிகள் அறைக்குள் முடங்குகிறார்கள். டாக்டரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணில் போட்டால் நாற்றம் அடங்கும். ஒட்டாத கட்டு போட வேண்டும். வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது.

இன்னொன்று. இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், தொட்டுப் பேசலாம். யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது!