விஞ்ஞான சங்கத்தின் பொக்கிஷதார்

ஜொகூரின் வடகிழக்கு மூலையில், குளுவாங்கிலிருந்து கஹாங் வழியாகச் சென்று, செம்பனைத் தோட்டங்களைக் கடந்து, யாக்குன் பழங்குடியினர் வாழும் கம்போங் பெத்தாவை அடைந்து, அங்கிருந்து எண்டாவ் ஆற்றில் படகேறிச் செல்வோர், ஜாசின் ஆறு வந்து கலக்குமிடமான கோலா ஜாசினில் கரையேறுவார்கள். அதனருகே உயர்ந்து நிற்கும் ஜானிங் மலையின்மேல், விசிறி இலைகளோடு ஒரு பனையினம் தோப்புத் தோப்பாக வளர்ந்திருக்கிறது. எண்டாவின் பெயரையே அதற்குச் சூட்டி, இது புதியதோர் இனமென்று 1987-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த கட்டுரை வெளிவந்த சஞ்சிகை, மலாயா இயற்கைச் சங்கம் தன் சொந்தப் பிரயாசையால் நடத்திவந்த சஞ்சிகையாகும்.

1940-ல் தோன்றி, இன்று மலேசிய இயற்கைச் சங்கம் என வழங்கும் அந்த ஸ்தாபனம் அங்கத்தினரின் சந்தாவாலும் அன்பர்களின் நன்கொடையாலும் நடைபெறுவது. 1977-ல், ஜானிங் மலையையும் உள்ளடக்கி ஜொகூரிலும் பகாங்கிலும் பரந்துகிடக்கும் எண்டாவ் ரொம்பின் வனத்தின் மையப்பகுதியில் மரம் வெட்டுவதற்குப் பகாங் மாநில அரசு அனுமதியளித்ததும், நாடெங்கும் எழுந்த ஆட்சேபத்தால் அவ்வேலை நின்றுபோனதும் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அவ்வனத்திலுள்ள ஜீவராசிகள் இன்னின்னவை என்று ஆதாரத்தோடு காட்டினாலன்றி அதற்கு நிலையான பாதுகாப்புக் கிட்டாதென உணர்ந்த சங்கத்தார், பொதுமக்களும் கம்பெனிகளும் உதவிய பணத்தையும் பொருளையும் கொண்டு, 1985 முதல் 1986 வரை ஓராண்டுக் காலம் அங்கே விஞ்ஞான யாத்திரை நடத்தினார்கள். பின்னர் 1993-ல், ஜொகூர்ப் பக்கத்து வனத்தில் ஏறக்குறைய 49,000 ஹெக்டேர் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இத்தகைய முயற்சிகளைப் பற்றிப் பேசும்பொழுது செடியைக் கண்டவரையும் கட்டுரை எழுதியவரையும் நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆயினும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் படகுக் கூலிக்கும் பணம் எங்கிருந்து வந்து எவ்வாறு சென்றது என்பதை, ஊதியம் ஒரு காசும் பெறாமல், தம் உத்தியோகம் முடிந்த இரவு வேளைகளில் உட்கார்ந்து எழுதிவைக்கும் கௌரவப் பொக்கிஷதாரை நினைப்பார் அரியர். அவருடைய பணி வெறும் கூட்டல் கழித்தல் என்று கருதுவது பெரும் பிழையென்பது என் உறுதியான எண்ணம்.

நம்மவர்க்குப் பொருளாளர் பதவி புதியதன்று. கோயில்களிலும் மன்றங்களிலும் அதைக் காண்கிறோம். ஆனால் கும்பாபிஷேகத்துக்கு நூறு வெள்ளி அளித்தவர், கலசத்தில் தீர்த்தம் வார்ப்பதைக் கண்ணாரக் கண்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார். விஞ்ஞானத்துக்கு நூறு வெள்ளி அளித்தவரோ, தம் பணத்தின் பலனைப் பல வருஷங்கள் கழித்தே காண்பார். சில ஆராய்ச்சிகளில், எதிர்பார்த்தது அங்கே இல்லை என்ற முடிவே பலனாக வந்து சேரும். 1985-ல் எண்டாவுக்குக் கொடுத்தவர்கள் பூங்காவைக் காண எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த நெடிய இடைவெளியில் கொடுத்தவரின் நம்பிக்கை தளராமல் இருப்பதற்குச் சங்கம் காட்டக்கூடிய சாட்சி கணக்குப் புத்தகம் ஒன்றுதான். அதைக் காப்பவர் பொக்கிஷதார்.

அவர் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆற்றங்கரையில் படகோட்டியிடம் அச்சடித்த ரசீது கிடைக்காது. ஆகையால் பொக்கிஷதார் முன்கூட்டியே பற்றுச்சீட்டுகளைத் தயாரித்து அனுப்பி, தேதி, தொகை, காரியம் இவற்றை எழுதுவித்து, பெற்றவரின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வாங்கிவரச் செய்யவேண்டும். மழையில் நனைந்து மை கலைந்த சீட்டைக்கூட அவர் எறிந்துவிடலாகாது. உலர்த்தி, வேறொரு தாளில் ஒட்டி, பக்கத்தில் விவரம் எழுதிக் கோப்பில் சேர்ப்பார். பறவைக் கணக்கெடுப்புக்கென்று வந்த பணத்தைச் சஞ்சிகையின் அச்சுக்கூலிக்குத் தரும்படி பத்திராதிபர் எவ்வளவு மன்றாடினாலும், கொடுத்தவரின் சம்மதமின்றி அவர் தரமாட்டார். கல்விமான்கள் நிறைந்த சபையில், எல்லாரும் தமக்கு நண்பர்களாயிருக்க, முடியாது என்று மரியாதையோடு சொல்லும் திடம் எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

சட்டமும் அவரையே எதிர்பார்த்திருக்கிறது. மலேசியாவில் எழுவர் கூடினால் சங்கம் அமைக்கலாம்; ஆனால் 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கோடு ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேரவேண்டும். நிர்வாகக் குழுவில் இல்லாத இருவரைக் கணக்காய்வாளராகத் தேர்ந்து, அவர்கள் பார்வைக்குப் புத்தகங்களை வைப்பது சங்கங்களில் வழக்கம். நல்ல பொக்கிஷதார் இதைச் சந்தேகத்தின் அடையாளமாகக் கொள்ளாமல், தமக்குக் கிடைத்த பாதுகாப்பாகவே மதிப்பார்.

தமிழர் இப்பணியை எத்தனை உயரத்துக்குக் கொண்டுசென்றார்கள் என்பதற்குச் சென்னைத் துறைமுகத்தில் ஓர் உதாரணம் உண்டு. டெபுடி கலெக்டராயிருந்த வி. ராமசுவாமி ஐயர் 1907-ல் தொடங்கிய இந்தியக் கணித சங்கம், தனியொருவர் விலைகொடுத்து வாங்க இயலாத அயல்நாட்டுக் கணிதப் பத்திரிகைகளை அங்கத்தினர் சந்தாவில் வரவழைத்து, தபால் மூலம் ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்ட சங்கம். அதன் பொக்கிஷதாராக விளங்கியவர், துறைமுகக் கழகத்தில் தலைமைக் கணக்கராயிருந்த எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் பயின்றவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1911-ல் அச்சங்கத்தின் சஞ்சிகை, பட்டம் பெறாத ஓர் இளைஞரின் கட்டுரையை வெளியிட்டது. மறு ஆண்டு மார்ச் மாதம் அவ்விளைஞர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பகுதியில் குமாஸ்தாவாக அமர்ந்தபொழுது, அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் நாராயண ஐயர். திருவல்லிக்கேணி பைக்ராப்ட்ஸ் சாலையிலிருந்த ஐயரின் வீட்டு மாடியில், மடிமேல் பெரிய சிலேட்டுகளை வைத்துக்கொண்டு, இருவரும் இரவு வெகுநேரம் கணக்குப் போட்டார்கள். அந்தக் குமாஸ்தாதான் சீனிவாச ராமானுஜன்.

பொக்கிஷதாராகிறவர் எல்லாரும் ராமானுஜனைச் சந்திக்கப் போவதில்லை. அவர்கள் கணித நிபுணராயிருக்கவும் அவசியமில்லை. சந்தா ஒழுங்காக வசூலானால்தான் சஞ்சிகை அச்சேறும். சஞ்சிகை அச்சேறினால்தான் முகந்தெரியாத ஓர் இளைஞரின் எழுத்தும் உலகை எட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தால் போதும்.

ரப்பர்த் தோட்டத்துக் கிராணிகளாக நாள்தோறும் பால் கணக்கும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவுக் கணக்கும் பிசகாமல் எழுதிய தலைமுறையின் மக்களும் பேரப்பிள்ளைகளும், இன்று ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் மூவாரிலும் கணக்காளர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். இயற்கை, வானசாஸ்திரம், கணிதம் எதுவாயினும், உங்கள் மனத்துக்குகந்த ஒரு விஞ்ஞான சங்கத்தில் அங்கத்தினராகுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்குப் பெயர் கேட்டு, சபையில் யாரும் வாய் திறவாமல் இருக்கும்பொழுது, நீங்கள் முன்வாருங்கள். பழைய பொருளாளரிடமிருந்து ரசீதுப் புத்தகங்களை எண்ணி வாங்கிக்கொண்டு, வங்கியில் கையொப்பம் மாற்றும் பத்திரத்தையும் தாமதமின்றிப் பூர்த்தி செய்து கொடுத்துவிடுங்கள்.