இரண்டு சுரங்கங்களும் ஒரு கூரையும்

கோலாலம்பூருக்கு அடியில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம். அடைமழை கொட்டினால் கிள்ளான் ஆற்று வெள்ளம் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஏறிவிடாமல், அதைத் தெற்கே தாமான் டேசா பக்கம் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. இன்னொரு சுரங்கம் பஹாங்கின் செமந்தான் ஆற்றுப் பக்கமிருந்து தித்திவங்சா மலைத்தொடரைத் துளைத்துக்கொண்டு உலு லங்காட் வருகிறது. நீளம் 44.6 கிலோமீட்டர். அது நமக்குக் குடிநீர் கொண்டுவர. பெய்கிற மழையை ஒரு குழாய் வழியாக வெளியேற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகப் பக்கத்து மாநிலத்துத் தண்ணீரை வாங்குகிறோம்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் கோலாலம்பூர். நெவாடா பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகஸுக்குக் கிடைப்பது 100 மில்லிமீட்டர் அளவுதான். ஆனாலும் "நாளைக்குத் தண்ணி இல்லையாம்" என்றதும் வாளி தேடி ஓடுவது நாம்தான்.

1998-இல் எல் நினோ வறட்சி. கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகள் இறங்கிப்போய், ஏறக்குறைய 18 லட்சம் பேர் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீட்டில் காலம் தள்ளினார்கள். 2014-இல் சுங்கை சிலாங்கூர் அணை பாதிக்கும் கீழே போனது. இரண்டு நாள் தண்ணீர் வந்தால் அடுத்த இரண்டு நாள் வராது. போதாக்குறைக்கு லங்காட் ஆற்றில் அமோனியா ஏறி, சில சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டியதாயிற்று.

இவ்வளவு மழையிலும் ஏன் இந்த நிலை? அணைத் தண்ணீர் பெரும்பாலும் நேராக நம் குழாய்க்கு வருவதில்லை. அணையிலிருந்து ஆற்றில் திறந்துவிட்டு, வெகுதூரம் தள்ளி ஆற்றிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் சாயங்காலம் கொட்டும் மழை அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் விழுவதில்லை. சாக்கடை வழியாகக் கிள்ளான் ஆறு, அங்கிருந்து மலாக்கா நீரிணை என்று போய்விடும். வழியில் ஆற்றில் யாராவது கழிவைக் கொட்டினால் மழை பெய்தும் பயனில்லை. 2020 செப்டம்பர் 3 அன்று ரவாங் அருகே சுங்கை கோங்கில் அப்படித்தான் நடந்தது. நான்கு நிலையங்கள் நின்றன. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங், கோலாலம்பூர் என்று கிட்டத்தட்ட 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது.

தண்ணீர் தடைபடும் நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தைப் பார்த்தால் போதும். நீலத் தோம்புகள் வரிசையாக நிற்கும். வாழை இலையையாவது சுருட்டிப் போட்டுவிடலாம். சாம்பார் வாளியையும் டம்ளரையும் எதில் கழுவுவது? அடுக்குமாடி வீடுகளில் முதல் நாளே குடம், சட்டி, குழந்தை குளிக்கும் தொட்டி வரை நிரம்பிவிடும். தண்ணீர் திரும்ப வந்ததும் கலங்கல் தெளியட்டும் என்று குழாயைத் திறந்துவிடுவார்கள். பிடித்து வைத்ததையும் "பழசு" என்று கொட்டுவார்கள். தடைக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் வீணாவதைக் கணக்குப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆனால் பெரிய ஓட்டை நம் வீட்டுக்கு வெளியே, தார்ச்சாலைக்கு அடியில் இருக்கிறது. கசிவு, திருட்டு, ஓய்ந்துபோன மீட்டர் எல்லாம் சேர்த்து, சுத்திகரித்த தண்ணீரில் பில் போட முடியாமல் போவது சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் 27 விழுக்காடு அளவில் இருந்து வந்திருக்கிறது. 2014 வாக்கில் அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது, குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. நாளுக்கு ஏறக்குறைய 500 கோடி லிட்டர் உற்பத்தி என்றால் 135 கோடி லிட்டர் கணக்கில் வராமல் போகிறது. மலையைக் குடைந்து கொண்டுவரும் தண்ணீருக்காகக் கட்டிய லங்காட் 2 நிலையத்தின் முதல் கட்டத் திறனே 113 கோடி லிட்டர்தான். பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களை மாற்றும் வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதனால்தான் அது மெதுவாக நடக்கிறது என்பது என் சந்தேகம்.

விலையையும் பேசியாக வேண்டும். 2006-இலிருந்து, மாதத்தின் முதல் 20 கனமீட்டருக்கு, கனமீட்டர் ஒன்றுக்கு 57 சென். 2024 பிப்ரவரி 1-இல்தான் அது 65 சென் ஆனது. அப்போதும் ஆயிரம் லிட்டருக்கு 65 சென்தான்! ஒரு தே தாரேக் விலையில் மூவாயிரம் லிட்டர் வாங்க முடிந்தது. ஏழைக் குடும்பத்துக்குச் சிலாங்கூர் அரசு தரும் இலவச 20 கனமீட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அதே மலிவு விலையில் தினமும் காரையும் வாசலையும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவர்களைத்தான் சொல்கிறேன். மலேசியர் ஒருவரின் வீட்டு உபயோகம் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல். சிங்கப்பூரில் சுமார் 140.

லாஸ் வேகஸ் வீட்டுக்குள் புழங்கிய தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் சுத்திகரித்து மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. கடைவீதிகளிலும் அலுவலக வளாகங்களிலும் யாரும் கால்வைக்காத அலங்காரப் புல்லை 2026 முடிவுக்குள் ஒழிக்கச் சொல்லி 2021-இல் நெவாடா சட்டமே போட்டது. நாமோ 1998-இல் பட்ட பாட்டுக்குப் பிறகு 1999-இல் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டோம். தமிழ்நாடு 2003-இல் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பையே கட்டாயமாக்கிவிட்டது.

100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு விழுவது 240 கனமீட்டர் மழை. மாதத்துக்கு 20 கனமீட்டர். அரசு தரும் இலவசத்தின் அதே அளவு. பாதியைப் பிடித்தாலும் கழிப்பறைக்கும் செடிக்கும் காருக்கும் தாராளம். தோம்புக்கு வலை கட்டிய மூடி போட மறக்க வேண்டாம். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால், தண்ணீர் சேமித்தவர் என்று பார்க்காமல் சுகாதார அதிகாரி சம்மன் எழுதிவிடுவார்.