ரஸிகர்கள் நடத்தும் ஒத்திகைத் தேர்வு

சென்ற பருவத்தில் மிக அதிகமாகத் தோற்ற அணிக்கே கல்லூரி ஆட்டக்காரர்களுள் முதல்வனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தரவேண்டுமென்று பிலடெல்பியா அணியின் அதிபர் பெர்ட் பெல் யோசனை கூற, 1936-இல் அமெரிக்கக் கால்பந்தில் ஆரம்பமான 'டிராஃப்ட்' என்னும் சம்பிரதாயம், இன்று 7 சுற்றுகளாக நடந்து, ஏப்ரலில் தேசத்தையே ஈர்க்கிறது. அதற்குப் பல வாரங்கள் முன்பே ரஸிகர்கள், 32 அணிகளில் ஆளுக்கொன்றின் பொறுப்பை ஏற்று, ஒருவன் 40 கஜம் ஓடிய வேகத்தையும் அவன் முழங்காலில் பட்ட பழைய காயத்தையும் சீர்தூக்கி, தம் முறை வந்ததும் பெயரை அறிவிக்கும் ஒத்திகை, வெறும் பொழுதுபோக்கு அன்று. தம் அணியின் குறையை உணர்ந்து பரிகாரம் தேடும் சிரத்தை அது. யூகம் பலிக்காமற் போனால் பாதகமில்லை. டாம் பிரேடி என்னும் ஆட்டக்காரரை 2000-இல் மெய்யான நிபுணர்களே 198 பேருக்குப் பிறகுதான் அழைத்தார்கள். அவரோ 7 சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார்.