ஸ்ரீதேவி சாவில் டீக்கடை ‘தீர்ப்பு’! கோவில்பத்துப் பெரியவர் கேட்ட கேள்வியில் வாயடைத்த கூட்டம்!!

காரைக்கால் கோவில்பத்து. பார்வதீசுவரர் கோவில் இருக்கிற பகுதி. ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா, கடை திறக்கப் போகிற வியாபாரி, பஸ்சுக்கு நிற்கிறவர் எல்லோருமே ஒரு கிளாஸ் டீ அடித்துவிட்டுத்தான் நகருவார்கள்.

2018 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே ஒரு டீக்கடையில் கிளாசில் இருந்த டீ ஆறிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

“ஸ்ரீதேவி போயிட்டாங்களாம்!”

“எந்த ஸ்ரீதேவி? நம்ம மயிலா?”

“ஆமாண்ணே. துபாய்லயாம். ராத்திரி நடந்திருக்கு.”

‘16 வயதினிலே’ மயில். ‘மூன்றாம் பிறை’யில் எல்லோரையும் அழ வைத்த பெண். சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்து, ‘துணைவன்’ படத்தில் குழந்தையாக நடித்து, இந்திப்பட உலகையே ஆண்டவர். வயது 54தான். முதல் அரை மணி நேரம் எல்லோரும் ‘உச்’ கொட்டினார்கள்.

அடுத்த அரை மணியில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது!

நாளுக்கு ஒரு சேதி

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அமீரகம் போன ஸ்ரீதேவி, 24-ந் தேதி இரவு துபாயில் ஓட்டல் அறையில் இறந்தார். மாரடைப்பு என்றுதான் குடும்பத்தார் முதலில் சொன்னார்கள். 26-ந் தேதி துபாய் தடயவியல் அறிக்கை வந்தது. மயங்கி, குளியல் தொட்டித் தண்ணீரில் மூழ்கியதால் ஏற்பட்ட விபத்துச் சாவு என்றது அது. ரத்தத்தில் மதுவின் தடயம் இருந்ததாகவும் செய்தி வெளியானது.

அவ்வளவுதான்! டீக்கடையில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு.

“மாரடைப்புன்னு ஏன் முதல்ல சொன்னாங்க? எதையோ மறைக்கிறாங்க!”

“முகத்துக்கு எத்தனை ஆபரேஷனோ, யார் கண்டா!”

“தொட்டித் தண்ணில யாராவது முங்கிச் சாவாங்களா?”

“பொம்பளைக்கு எதுக்குய்யா குடி?”

டீக்கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டெலிவிஷன்காரர்கள் செய்தது இதைவிட மோசம். ஸ்டூடியோவில் குளியல் தொட்டிப் படம் போட்டு, அதில் ஸ்ரீதேவியை மிதக்க விட்டார்கள். பக்கத்தில் மதுக் கோப்பையை வரைந்தார்கள். ஒரு தெலுங்குச் சேனல் நிருபர் தானே ஒரு தொட்டிக்குள் படுத்து ‘இப்படித்தான் இருக்கும்’ என்று நடித்துக் காட்டினார்! அறிக்கையில் இருந்த ஆங்கில எழுத்துப் பிழை கூட ‘சதி’க்கு ஆதாரமாகிவிட்டது.

‘உடல் வர ஏன் தாமதம்?’

கூட்டத்துக்குப் பெரிய சந்தேகம் இதுதான். “பணக்காரங்க. தனி விமானம் நிக்குது. அப்புறமும் உடம்பு ஏன் வரலை? உள்ளே ஏதோ இருக்கு!”

செவ்வாய்க்கிழமை காலை. மூலைப் பெஞ்சில் ஒரு பெரியவர். 20 வருஷத்துக்கு மேல் ஷார்ஜாவில் பாடுபட்டுத் திரும்பியவர். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவர், அன்று வாயைத் திறந்தார்.

“ஏன் தாமதம்னு நான் சொல்றேன் தம்பி. ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரு செத்தாலும் அங்கே போலீஸ் கேஸ்தான். ராணியா இருந்தாலும் சரி, ரோடு கூட்டுறவனா இருந்தாலும் சரி.”

“அப்படியா பாய்?”

“பின்னே? டாக்டர் ரிப்போர்ட் வரணும். அரசாங்க வக்கீல் ஆபீஸ் ‘சரி’ன்னு எழுதித் தரணும். இந்தியத் தூதரக ஆபீஸ்ல பாஸ்போர்ட்டை ரத்து செஞ்சு கடுதாசி வாங்கணும். உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்தணும். அப்புறம்தான் பெட்டி. மூணு நாள்ல வந்தா அதுவே சீக்கிரம்.”

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. பெரியவர் விடவில்லை.

“என் தம்பி அங்கே ரூம்ல தூங்கினவன் எழுந்திருக்கலை. உடம்பு வர 11 நாள் ஆச்சு. அந்தப் 11 நாளும் ஊர் சும்மா இருந்துச்சா? ‘குடிச்சிருப்பான்’னான் ஒருத்தன். ‘அங்கே வேற குடும்பம் இருந்திருக்கும்’னான் இன்னொருத்தன். ரிப்போர்ட்ல ‘மாரடைப்பு’ன்னு வந்துச்சு. அதை யாரு படிச்சா? அவன் பொண்டாட்டி ஒரு வருஷம் வாசப்படி தாண்டலை. இதே பெஞ்சில உக்காந்துதான் அவனைப் பத்திப் பேசினீங்க. பேசினவங்க யாருன்னு நான் சொல்லட்டுமா?”

சத்தமே இல்லை. ஒருவர் மட்டும் டீக்காசைப் பெஞ்சில் வைத்துவிட்டு மெதுவாக நழுவினார்!

வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு காரைக்காலில் குறைவு. பெட்டிக்காகக் காத்திருப்பது என்ன வேதனை என்று இந்த ஊருக்குத் தெரியும். தெரிந்த ஊரே, செத்தது சினிமாக்காரி என்றதும் மறந்துவிட்டது.

வழக்கு முடிந்தது, பேச்சு முடியவில்லை

அதே செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 27. துபாய் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணையை முடித்து, உடலை ஒப்படைத்தது. மறுநாள் மும்பையில் தேசியக் கொடி போர்த்தி, அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. அதற்கும் ஒரு பேச்சு: “குடிச்சவங்களுக்குக் கொடியா?”

2013-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 4 வயதிலிருந்து உழைத்தவர் என்பதெல்லாம் யாருக்கும் நினைவு வரவில்லை. ‘மாம்’ படத்துக்காகச் சிறந்த நடிகை தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 2018 ஏப்ரலில்தான். வாங்க அவர் இல்லை.

மறுபடி விசாரிக்க வேண்டும் என்று போடப்பட்ட மனுவை 2018 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2019-ல் கேரளப் போலீஸ் உயர் அதிகாரி ஒருவரே, ‘கொலையாக இருக்கலாம் என்று இறந்துபோன என் டாக்டர் நண்பர் சொன்னார்’ என்று பத்திரிகையில் எழுதினார். பேச்சு மறுபடி சூடு பிடித்தது.

கணவர் போனி கபூர் 5 வருஷம் கழித்து, 2023-ல்தான் ஒரு பேட்டியில் விவரம் சொன்னார். திரையில் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஸ்ரீதேவி அடிக்கடி பட்டினி கிடப்பாராம். உப்பே சேர்க்க மாட்டாராம். ரத்த அழுத்தம் குறைந்து சில தடவை மயங்கி விழுந்ததும் உண்டாம். படப்பிடிப்பு நாட்களில் குளியலறையில் மயங்கி விழுந்து பல் உடைந்த சம்பவத்தை நடிகர் நாகார்ஜுனா பிற்பாடு தன்னிடம் சொன்னதாகவும் அவர் கூறினார்.

துபாயில் தன்னைத் துருவித் துருவி விசாரித்ததாகவும், உண்மை அறியும் சோதனை வரை போனதாகவும் சொன்னார். இந்தியப் பத்திரிகை, டெலிவிஷன் நெருக்கடியால்தான் இத்தனையும் செய்ய வேண்டியிருக்கிறது என்று அதிகாரிகளே கூறினார்களாம். மனைவியைப் பறிகொடுத்த மனிதர், ஊர் வாய்க்காக அந்தச் சோதனைக்கு உட்கார்ந்தார்!

‘உடம்பு மெலிந்தால்தான் நடிகை’ என்று எதிர்பார்த்ததும் இதே ஜனங்கள். அந்த எதிர்பார்ப்புக்காகப் பட்டினி கிடந்தவரைச் செத்த பிறகு ஏசியதும் இதே ஜனங்கள்.

சிலுக்குக்கும் இதே கதி

இது புதுசு இல்லை. அதே ‘மூன்றாம் பிறை’யில் நடித்தவர் சிலுக்கு ஸ்மிதா. நிஜப் பெயர் விஜயலட்சுமி. ஆந்திராவிலிருந்து வந்து, 1980-ல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் கிடைத்த ‘சிலுக்கு’ப் பெயராலேயே கொடிகட்டிப் பறந்தவர். 1996 செப்டம்பர் 23-ந் தேதி சென்னை வீட்டில் உயிரிழந்து கிடந்தார். வயது 35.

அவர் பாட்டுக்கு விசில் அடித்தவர்களே மறுநாள் ஒழுக்கம் பேசினார்கள். “அந்த மாதிரி வாழ்ந்தா இந்த மாதிரிதான் முடியும்” என்றார்கள். அவர் மனதில் என்ன வேதனை, கூட இருந்து கேட்க ஆள் இருந்ததா என்று யோசித்தவர்கள் சிலர்தான். 2011-ல் அவர் வாழ்க்கையைத் தழுவி ‘தி டர்ட்டி பிக்சர்’ என்று இந்தியில் படம் வந்தது. வசூல் குவிந்தது. நடித்தவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது!

கோர்ட்டு சொன்னது என்ன?

2020 ஜூன் 14-ந் தேதி இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். அப்போது ஊர் வாய்க்குப் பலியானது உயிரோடு இருந்த ஒரு பெண். அவருடைய தோழி ரியா சக்ரவர்த்தியை ‘சூனியக்காரி’ என்று கூடச் சொன்னார்கள். போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார். கொலை இல்லை என்று எய்ம்ஸ் டாக்டர் குழு அந்த வருஷமே சொன்னது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. ஏசிய வாய்களில் எத்தனை மன்னிப்புக் கேட்டன?

இந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் மும்பை ஐகோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தற்கொலை என்று வரும் செய்திகளில், இறந்தவரைப் பலவீனமான குணம் உள்ளவர் போலக் காட்டக்கூடாது. அவருடைய அந்தரங்கத்தில் புகக்கூடாது. விசாரணை முடியுமுன் யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது.

செத்தவரைப் பற்றிப் பேசினால் கேட்க ஆள் இல்லை என்று நினைப்பதும் தப்பு. குடும்பத்தாரின் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு இறந்தவர் மேல் பழி சுமத்தினால், அதுவும் அவதூறுதான். பழைய சட்டத்தில் 499-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 356-வது பிரிவு.

ஆனால் டீக்கடைக்குச் சட்டப் புத்தகம் எதற்கு?

அன்று பெரியவர் போகும்போது சொன்னது போதும்:

“போலீஸ் கேக்கட்டும், டாக்டர் கேக்கட்டும். அது அவங்க வேலை. நாம கேக்க வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பொண்ணுங்க ரெண்டும் சாப்பிட்டுச்சான்னு கேளுங்க.”

தாயைப் பறிகொடுத்த அந்த இரண்டு மகள்களின் பேச்சு மூன்று நாளில் அப்போதுதான் அந்தக் கடையில் முதல் தடவையாக எழுந்தது!