ஸ்கேனரில் ‘பி0168’ வந்தால் டீசல் பம்ப் போச்சா? மாற்றும் முன் ஒரு காலை நேரச் சோதனை!

தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில், ஆறுமுகநேரியை ஒட்டி இருக்கிறது சாகுபுரம். சுற்றிலும் உப்பளங்கள், பக்கத்திலேயே கடல். இப்படிப்பட்ட ஊர்களில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண், ‘பி0168’.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினால் இந்த எண் வரும். ‘இன்ஜின் ஓவர் ஹீட்’ என்று பயப்பட வேண்டாம். ‘எரிபொருள் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது’ என்பதுதான் இதன் பொருள். ‘பி’ என்பது இன்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். ‘0’ என்றால், எல்லா கம்பெனி கார்களுக்கும் பொதுவான எண். ‘1’ எரிபொருள், காற்று தொடர்பானது. ‘68’ குறிப்பிட்ட கோளாறு.

டீசல் ஏன் சூடாகிறது?

கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு ‘பார்’ சொச்சம்தான். ‘காமன் ரயில்’ இன்ஜினில் பம்ப் டீசலை 1,600 பார் வரைகூட அழுத்தும். அதில் சூடாகி, மீதமாகும் டீசல் டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் அந்தச் சூடு சீக்கிரம் ஆறாது.

பம்பின் உள்பாகங்கள் தேயாமல் காப்பதும் டீசல்தான். சூட்டில் அது நீர்த்துவிட்டால் பம்ப் தேயும். அதனால்தான் பல கார்களில் கம்ப்யூட்டரே இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடுகிறது.

பொய் எச்சரிக்கையும் உண்டு!

டீசல் சூடாகாமலே இந்த எண் வரலாம். உப்புக்காற்றில் சென்சார் கனெக்டரின் பின்களில் களிம்பு ஏறினால் அளவு தப்பும். கூடவே பி0180 முதல் பி0183 வரை ஏதாவது வந்தால், முதல் சந்தேகம் சென்சார், வயரிங் மீதுதான் இருக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

இரவு முழுக்க நின்ற காரை, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். எரிபொருள், கூலன்ட், உள்ளே வரும் காற்று ஆகிய மூன்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எரிபொருள் மட்டும் எங்கோ எகிறி நின்றால் சென்சாரையோ வயரையோ பாருங்கள். காலையில் சரியாக இருந்து, ஓட ஓட எகிறினால் ரிட்டர்ன் குழாயில் அடைப்பு, ஃபில்டர், கூலர் எனப் பார்த்துவிட்டு, கடைசியாக பம்புக்கு வாருங்கள். பம்ப், விலை அதிகமான பாகம் என்பதை மறக்க வேண்டாம்.

கவனிக்க...

* கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.
* டீசல் வாடையோ கசிவோ இருந்தால் உடனே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள்.
* சிவப்பு நிற தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தால் அது இன்ஜின் சூடு. உடனே நிறுத்துங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
* காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும்.